குளிர் சாயல்

முகம் நீலம் பாய்ந்து வந்தது.

பிரிண்டரிலிருந்து இறங்கிய தாளை ஷாமினி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடிக்குக் கீழே மோனோரயில் வளைவில் முனகிக்கொண்டு போனது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அறையெங்கும் மை வாசனையும் பக்கத்து வீட்டு நெத்திலி வறுவல் வாசனையும் கலந்து நின்றன. கருப்பு வெள்ளைப் படங்களுக்கு இரட்டைச் சாயல் கொடுத்து அச்சிடுவதுதான் பதினோரு வருடமாக அவள் தொழில். நிழலுக்கு வெதுவெதுப்பான காப்பிப் பழுப்பு, வெளிச்சத்துக்கு மெல்லிய குளிர் நீலம். இந்தப் படத்திலும் கணவன் சுகுமாறனின் வெள்ளைச் சட்டை நீலமாகவும், கறுத்த முகம் பழுப்பாகவும் வரவேண்டும். சட்டை சரியாக வந்திருந்தது. முகம் மட்டும் சாம்பல் நீலம்.

டெங்கில் சாலையில் லோரி மோதி, நான்கு நாட்களாக அவன் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். கட்டிலருகே குடும்பப் படம் வைக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அதற்காகத்தான், மகள் மலர்விழி அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தை ஷாமினி தேடி எடுத்தாள்.

மையைச் சோதித்தாள். குறையில்லை. தாளில் அவன் முகத்தைத் தொட்டாள். அந்த இடம் மட்டும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டது.

போன் அடித்தது. கொழுந்தன் கார்த்திகேசு.

“அண்ணி, அண்ணனுக்கு உடம்பெல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. ரெண்டு கம்பளி போட்டும் சூடு ஏறல. டாக்டருங்க ஓடுறாங்க. சீக்கிரம் வாங்க லா!”

சாவியை எடுத்தவளின் கண் மறுபடி அந்தத் தாளில் விழுந்தது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கணினியில் பழுப்பைக் கூட்டி அச்சிட்டாள். பிரிண்டர் கரகரத்தது. நெற்றி வந்தது, கண் வந்தது, உதடு வந்தது. எல்லாம் பழுப்பு.

“அண்ணி! கை சூடாவுது! இப்பதான், இந்த நிமிஷம்!”

ஷாமினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பழுப்பை இன்னும் கூட்டினாள். நீலத்தை அடியோடு எடுத்தாள். மூன்றாவது தாளில் அவன் கழுத்து, மார்பு, வெள்ளைச் சட்டைகூட வெதுவெதுப்பாக இறங்கின.

மழை கொட்டியது. அறை இருண்டது. அப்போதுதான் பார்த்தாள். அவன் தோளைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் நீலம்.

நீலத்தைத்தான் எடுத்துவிட்டாளே.

ஹாலிலிருந்து குரல் வந்தது. “அம்மா, குளிருது.”

ஏர்கோன் போடவில்லை. ஓடினாள். ஆறு வயது மலர்விழி சோபாவில் சிவப்புப் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். விரல்கள் சில்லென்று விறைத்திருந்தன. அந்தப் புழுக்கத்திலும் பிள்ளையின் மூச்சு வெண்புகையாக வந்தது.

திரும்பி ஓடினாள். பழுப்பைக் குறைக்க வேண்டும். கை மவுஸில் பட்டது.

“அண்ணி, கண்ணத் தொறக்கப் போறாரு! இமை அசையுது!”

கை நின்றது. ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான்.

பிரிண்டர் தானாக அடுத்த தாளை இழுத்தது.

“வேணாம்!” மின்கம்பியைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. தாளைப் பற்றி இழுத்தாள். கிழிந்தது. உள்ளே மாட்டிய பாதியில் வரி வரியாக நீலம். பிள்ளையின் கை. கழுத்து. கன்னம்.

“முழிச்சிட்டாரு அண்ணி!” கார்த்திகேசு அழுதான். “பேசுறாரு. பாப்பா எம் மடியிலதான் இருக்கா, எறக்கி விடாதீங்கன்னு சொல்றாரு.”

ஹாலில் சத்தமில்லை.

போனாள். சோபா மஞ்சள். போர்வை சிவப்பு. திரைச்சீலை பச்சை. நடுவே மலர்விழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாம்பலும் நீலமுமாக. மூச்சுப் புகை இல்லை. இமைக்காத கண்கள். படத்துக்குச் சிரித்த அதே சிரிப்பு. தூக்கிய கை, அங்கே இல்லாத ஒரு தோளை இறுகப் பிடித்திருந்தது.