காலியாக விட்ட கட்டம்

தென்கடல் மாவட்டப் பதிவகத்துக்குக் காலை எட்டரைப் படகில்தான் எல்லாரும் வருவார்கள். கடல் ஏறிப் பழைய ஊர் மூழ்கிய பிறகு அலுவலகம் தூண்கள்மேல் நிற்கிறது. அந்தப் படகில் செலஸ்டினாவுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் எப்போதும் காலியாக வரும். யாரும் அவளை ஏசியதில்லை. ஒதுக்கினார்கள் என்று சொல்லவும் முடியாது. பையை வைத்துக்கொள்ள வசதிதான் என்று இருபது ஆண்டாகத் தன்னைத் தேற்றிக்கொண்டு வருகிறாள்.

இன்று படகில் பேச்சு முழுக்க மனச்சான்றுப் படிவத்தைப் பற்றியே. ஆண்டுக்கொரு முறை, தை மாதத்து முதல் வெள்ளியன்று, ஒவ்வோர் அதிகாரியும் அந்தப் படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில் தம் சமயத்தையும் அது தடுக்கிற அலுவல்களையும் எழுதி, மாலை ஐந்து மணிக்குள் விரல்ரேகை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்த அலுவலை அடுத்த தை வரை அவர் தலையில் யாரும் கட்ட முடியாது. கட்டத்தைக் காலியாக விட்டவரோ எதையும் மறுக்க முடியாது. மாவட்டத்தில் அப்படி விட்டவள் செலஸ்டினா ஒருத்திதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்த ஊருக்கு ஆண்டி அவள்.

எல்லாரும் மறுக்கிற அலுவல் ஒன்று உண்டு. அதற்கு நினைவுரு விடுவிப்பு என்று பெயர். இறந்தவரின் மூளைத் தடங்களைக் கணினியில் ஓடவிட்டால் அது நினைவுரு. பேசும், சிரிக்கும், பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சில ஆண்டுகளில் சலித்துப்போய், 'போதும், என்னை விடுங்கள்' என்று கேட்கத் தொடங்கும். கேட்டால் விடுவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இயந்திரம் தானாக அணைக்கக் கூடாது, ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து ஆணையைப் படித்து, அதன் கடைசிப் பேச்சைக் கேட்டு, தன் கையாலேயே அணைக்க வேண்டும் என்பதும் சட்டம். இது கொலை என்பார் ஒருவர். வினைப்பயனில் கைவைக்கிற வேலை என்பார் இன்னொருவர். காரணம் ஆளுக்கொன்று, கோப்பு வந்து சேருவது அவள் மேசைக்கு.

கட்டம் காலி என்பதால் அவளுக்குக் கடவுள் கிடையாது என்று அலுவலகம் முடிவு கட்டியிருந்தது. ஞாயிறுதோறும் மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? நினைவுருவை அணைப்பது பாவம் என்றுதான் அவளும் நம்பினாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் தையில், ஐந்து அதிகாரிகள் கைவிரித்த ஒரு பெண் நாள் முழுக்கப் படகுத்துறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த பெட்டிக்குள் அவள் புருஷன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே கட்டத்தை நிரப்ப செலஸ்டினாவுக்குக் கை வரவில்லை.

அவனை அணைத்த அன்றிலிருந்து அவள் பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குவதில்லை. எந்தக் குருவானவரும் தடுக்கவில்லை, அவளாகத்தான் வாங்கவில்லை. அதை வாங்குமுன் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, 'இனிமேல் இந்தப் பாவத்தைச் செய்யமாட்டேன்' என்று சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அடுத்த கோப்பு வரும் என்று தெரிந்துகொண்டே அதை எப்படிச் சொல்வது? குருவானவரை ஏமாற்றலாம். அவருக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பவரை ஏமாற்ற முடியாதே.

போன மாதம் மருத்துவர் அவளுடைய இதயப் படத்தைப் பார்த்தார். அடுத்த தை வரை அவள் இருப்பாள் என்று அவர் உறுதி சொல்லவில்லை. இந்த ஆண்டு எழுதிவிடுவது என்று அவள் அன்றே தீர்மானித்தாள். ஓர் அலுவலைச் செய்து நாற்பது நாள் கழிந்தால்தான் அதை மறுத்து எழுத முடியும். கடந்த நாற்பது நாளாக ஒரு விடுவிப்பு மனுகூட வரவில்லை. ஆண்டவரே கதவைத் திறந்துவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"சார், இந்த வருஷம் நானும் எழுதலாம்னு இருக்கேன்" என்று துணைப் பதிவாளர் நாகூர் கனியிடம் சொன்னாள்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "என்ன எழுதப் போறீங்க?"

"கத்தோலிக்கம்னு. விடுவிப்பு செய்யமாட்டேன்னு."

"நீங்க கோயிலுக்குப் போவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம."

"அப்ப இத்தனை வருஷமும்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் விட்டார். நல்ல மனிதர், அதனால்தான் முடிக்க முடியவில்லை. "எழுதுங்கம்மா. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இன்னைக்குக் காலையில ஒரு மனு வந்திருக்கு. நீங்க எழுதிட்டா அதைத் தொட ஆளில்ல. சிவகுருநாதன் சாரோடது."

சிவகுருநாதன் முன்னாள் மாவட்டப் பதிவாளர். சட்டம் வந்த அன்றே ஒன்பதாம் கட்டத்தை நிரப்பிய முதல் ஆள். உயிரைக் கொடுத்தவன் எடுக்க வேண்டும், குமாஸ்தா எடுக்கக் கூடாது என்று கூட்டம் போட்டுச் சொன்னவர். படகில் அவளுக்குப் பக்கத்திலிருந்து முதலில் எழுந்துபோனவரும் அவர்தான். செத்து ஆறு ஆண்டாகிறது.

மாலையில் செலஸ்டினா விடுவிப்பு அறைக்குள் போனபோது அங்கே அவர் மகள் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா தெனமும் கேக்காங்க. நாலு மாவட்டத்துக்கும் போய்ட்டேன். எல்லாரும் அப்பா மேல மரியாதை வச்சிருக்காங்க மேடம். அதனாலயே செய்யமாட்டேங்காங்க."

மேசைமேல் இருந்த பெட்டி பேசியது. "யாரு, செலஸ்டினாவா? இன்னும் இங்கதான் இருக்கியா?"

"ஆமா சார்."

"இன்னைக்குப் படிவ நாளுல்லா. உனக்கென்ன, எழுத ஒண்ணும் கெடையாது."

"இருக்கு சார்" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபது ஆண்டு அடக்கியது, கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் வந்துவிட்டது. "இது பாவம்னுதான் நானும் நம்புறேன். எப்பவும் நம்பினேன். இன்னைக்கு எழுதிட்டு, நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு இருந்தேன்."

பெட்டியிலிருந்த குரல் தணிந்தது.

"அப்ப நான் வேண்டாம்னு தள்ளினதெல்லாம்?"

"எனக்குத்தான் வந்துச்சு சார்."

"நீறு பூசிக்கிட்டு நிம்மதியாப் படுத்தேன். என் கையில எதுவும் ஒட்டலைன்னு நெனச்சேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லிக்காட்ட எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது அந்த ஆசை இல்லை.

"போய் எழுதும்மா" என்றார் சிவகுருநாதன். "எனக்கு ராத்திரியும் கெடையாது, பகலும் கெடையாது. நான் இருந்துக்கிடுதேன்."

"இருந்துருவீங்களா சார்?"

"முடியாது. ஆனா உங்கிட்ட வேற என்ன சொல்ல?"

மணி நாலே முக்கால். கைக்கருவியில் படிவம் திறந்தே இருந்தது. ஒரு சொல் எழுதி விரலை வைத்தால் போதும், நாளை மாலை குருவானவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சிறு சன்னலுக்கு முன்னால் முழங்காலிட்டு, பொய்யில்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். நாக்கில் அப்பம் பட்டால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அவள் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆணையை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். படிக்கப் படிக்கக் குரல் பழக்கத்தில் தானாகச் சீரானது.

"கடைசியாகச் சொல்ல விரும்புவது ஏதும் உண்டா?" என்று ஆணையின் முடிவிலிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"உங்க கோயில்ல எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவியா?"

"சொல்றேன் சார்."

அவள் அணைத்தாள்.

மாலைப் படகில் மங்கையர்க்கரசி முன்வரிசைக்குப் போய்விட்டாள். நன்றி சொல்லிக் கும்பிட்டவள்தான். ஆனால் தன் அப்பாவை அணைத்த கைக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவாள்? நாகூர் கனி செலஸ்டினாவின் வரிசை வரைக்கும் வந்தார். காலி இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "காத்து சாஸ்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் பையை எடுத்து அந்த இருக்கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இறந்தவர்களை நினைக்கிற இடம் வந்ததும், கடைசி பெஞ்சிலிருந்து சிவகுருநாதன் என்ற பெயரை வாய்க்குள் சொன்னாள். நற்கருணைக்கு மணி அடித்தது. அவள் பெஞ்சிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்கள் கடந்துபோவதற்காக அவள் வழக்கம்போல முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.