மூடி போட்டு எடுத்த படங்கள்

மூடி போட்டு எடுத்த பத்துப் படங்களும் கறுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏழாவது படத்தில் ஒரு வெளிச்சக் கோடு இருந்தது.

இராயப்பன் கேமராவின் சின்னத் திரையைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தார். மயிரிழை அளவுதான். கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டால் இருட்டறைக்குள் விழுமே, அந்த மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. எட்டிலும் இருந்தது. ஒன்பதிலும் பத்திலும் இருந்தது. தொலைநோக்கியின் வாயில் மாட்டியிருந்த மூடியைச் சுற்றிலும் தடவினார். இறுக்கமாகத்தான் இருந்தது. அதன்மேல் அவருடைய உள்ளங்கையும் இருந்தது. முதல் படத்திலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை.

அந்த வேலையை அவருக்குக் கொடுத்தவள் மகள் கிறிஸ்டல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சம்பளத்தில் அவள் வாங்கிய தொலைநோக்கி அது. சோற்றுத் தட்டு அகலத்துக்கு வாய் வைத்த தடித்த குழாய், அதன் கழுத்தில் கேமரா. பினாங்கில், ஜெலுத்தோங் ஃப்ளாட்டின் பதினோராம் மாடியில், அவர்கள் வீட்டு வாசல் காரிடோர் கிழக்கே பார்த்தது. எதிரே கடல், கடலுக்கு அக்கரையில் பிறைத் துறைமுகத்தின் மஞ்சள் விளக்குகள், அவற்றுக்கும் பின்னால் புக்கிட் மெர்தாஜாம் குன்று, தூங்கும் மாட்டின் முதுகுபோல. விடியுமுன் வானத்தை எடுத்து முடித்ததும் அவள் குழாயை மேல்நோக்கி நிமிர்த்திவிட்டு, "ப்பா, மூடி" என்பாள். இவர் மூடியை மாட்டி, வெளிச்சம் கசியாமல் இருக்க மேலே கையை வைத்துக்கொண்டு நிற்பார். வானத்துக்குப் பத்துப் படம் என்றால் இருட்டுக்கும் பத்துப் படம். ஒவ்வொன்றும் ஐந்து வினாடி.

"ஒண்ணுமில்லாதத எதுக்கும்மா படம் எடுக்கற?" என்று ஒருநாள் கேட்டார்.

"கேமரா தானாவே சில புள்ளிய உண்டாக்கும்ப்பா. இருட்டுல எடுத்தா அந்தப் பொய்யெல்லாம் தனியா மாட்டிக்கும். அதக் கழிச்சிட்டா மிச்சம் இருக்கறது உண்மைலா."

ஜூலைக் கடைசியில், புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு அக்கரை போய்த் திரும்பும்போது, கடல் பாலத்தில் அவளுடைய மோட்டர்சைக்கிள் ஒரு லோரிக்கு அடியில் போனது. இருபத்தாறு வயது. எண்பதாயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று சொல்லிச் சொல்லி அவள் காத்திருந்த வால்நட்சத்திரம் செப்டம்பர் கடைசியில் வந்தது. காலண்டரில் ஆறு தேதிகளை அவள் முன்பே வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த ஆறு காலைகளில் ஒன்றிலாவது அதைப் படம் பிடித்து, கல்லறைத் திருநாளன்று அவள் சிலுவைக்கு அடியில் வைத்துவிட வேண்டும் என்பது இராயப்பனின் எண்ணம். மூன்று காலைகள் மழையிலேயே போயின. இது நான்காவது.

அவர் திரையை அணைத்தார். வீட்டுக்குள் சவுந்தரம் இருமினாள். அவர் மனைவி இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை.

பிணவறையில் கிறிஸ்டலைப் பார்த்தது இராயப்பன் ஒருவர்தான். பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டி கொண்டுவந்த ஆளிடம், "மூடிடுங்க. இனி யாருக்கும் தொறக்க வேணாம்" என்றார். மூடியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்து இறக்கினார். அவர்கள் சனத்தில் அப்படிச் செய்வதில்லை. பெட்டியை மூடுமுன் பெற்றவள் வந்து நெற்றியில் முத்தமிட்டு, ஜெபமாலையை விரல்களில் சுற்றிவிட வேண்டும். சவுந்தரம் அதற்காகவே ஜெபமாலையோடு வாசலில் நின்றிருந்தாள். இராயப்பன் அவளிடம், "ஆஸ்பத்திரியில சீல் வச்சிட்டாங்க. சட்டமாம். தொறந்தா கேஸாயிரும்" என்றார்.

அவள் நம்பினாள். ஜெபமாலையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அங்கேயே இருந்தது, குளிக்கும்போதும். ஒவ்வொரு ராத்திரியும் இருட்டில் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"மொகம் எப்பிடிங்க இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி."

மூடச் சொன்னது அவர்தான் என்று தெரிந்த அன்றைக்குச் சவுந்தரம் இந்த வீட்டில் இருக்க மாட்டாள். அது அவருக்குத் தெரியும். அவளிடமிருந்து அந்த முத்தத்தைப் பறித்தவர் அவர். எதற்காகப் பறித்தார் என்று சொல்வதற்கு அந்த முகத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவரால் முடியாது.

ஐந்தாவது காலை மேகம் கடலோடு ஒட்டிக் கிடந்தது. இராயப்பன் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு பழைய கறுப்புச் சட்டையைக் கட்டினார். கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். கீழ்மாடியிலிருந்து யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசனையும் மழை நனைத்த சிமெண்டின் வாசனையும் காரிடோர் முழுக்க நின்றன. பக்கத்து வீட்டு ஸுல்கிஃப்லி, நாசி கண்டார் சோற்றுக் கடையில் சமைப்பவன், சுபுஹுத் தொழுகைக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தான்.

"என்னாண்ணே, இன்னிக்காச்சும் வால ஆட்டுச்சா?"

"எங்க தம்பி. ஒரே மேகம்லா."

"எம்பதாயிரம் வருஷம் நடந்து வர்ற ஆளுக்கு நம்ம பினாங்குல குடுக்கற மரியாதையப் பாருங்க." சிரித்தவன் குழாயைப் பார்த்ததும் நின்றான். "அதுக்கு என்னாத்துக்குத் தலப்பா?"

"வெளிச்சம் கசியுது தம்பி. கறுப்பா வர்ற படத்துல கோடு விழுது."

ஸுல்கிஃப்லி மேலேயும் கீழேயும் பார்த்தான். "எங்கேருந்துண்ணே கசியும்? காரிடோர் லைட்டு எரிஞ்சே ரெண்டு மாசமாச்சு."

அவன் போன பிறகு லிஃப்ட் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. இராயப்பன் கேமராவின் ரிமோட்டை அழுத்தினார். கேமரா சொடுக்கியது, ஐந்து வினாடி மௌனமாக இருந்தது, மறுபடி சொடுக்கியது. அவர் கையை மூடியின்மேல் வைத்திருந்தார். குழாய்க்குள் துணி உரசுகிற மாதிரி ஏதோ கேட்டது. பல்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பல்லி துணி உடுத்துமா என்றும் நினைத்தார்.

முதல் படத்திலேயே கோடு இருந்தது. இப்போது இரண்டு விரல் அகலம். ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அகலம் கூடிக்கொண்டே போனது. பத்தாவது படத்தில் அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் வெள்ளையாக மடிப்பு மடிப்பாக ஒன்று தெரிந்தது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பட்டுத்துணி. சுருக்கு வைத்துத் தைத்த வெள்ளைப் பட்டு, சின்னச் சின்ன மணித் தையலோடு.

சவப்பெட்டிக் கடையில் மூன்று தினுசு காட்டினார்கள். இதைத் தொட்டுப் பார்த்து, இது போதும் என்று எடுத்தவர் அவரே. பெட்டிக்கு உட்பக்கம் ஒட்டுகிற துணி.

அவர் அந்தப் படங்களை அழித்தார். பத்தையும்.

அன்று அவர் மூட்டை தூக்கும் கிடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபோதும் அவருக்கு அந்தத் துணிதான் கண்ணில் நின்றது. அது வெளியேயிருந்து பார்த்த துணி இல்லை. படுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து, மேலே பார்த்தால் தெரிகிற துணி.

ஆறாவது காலை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

ஆறேகாலுக்கு, குன்றின் முதுகுக்கு மேலே, வெளுக்கத் தொடங்கிய வானத்தில் அது நின்றது. முதலில் ஒரு கறை. அப்புறம் அதன் வால், விசிறிபோல மேல்நோக்கி, அசையாமல். இராயப்பன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். "வந்திரிச்சும்மா" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்துக்கான பத்துப் படங்களையும் எடுத்தார். பத்திலும் அது இருந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. இருட்டை எடுக்கப் போவதில்லை என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். புள்ளிகள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கதவு திறந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சவுந்தரம் காரிடோருக்கு வந்தாள். இரண்டு கிளாஸ் கோப்பி. ஒன்றைப் பாரபெட் சுவரில் வைத்தாள். நெடுநேரம் வானத்தைப் பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான்."

"இதுக்குத்தான் அப்பிடி ஆலாப் பறந்தா." அவள் உதடு சிரிக்கப் பார்த்தது. பிறகு, "மூடி போட்டு எடுத்திட்டீங்களா?" என்றாள்.

"வேணாம். இது போதும்."

"அதென்ன போதும்? அரகொற வேல அவளுக்கு ஆகாது. போட்டு எடுங்க. நான் இங்கியே உக்காந்து பாக்கறேன்."

வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. ஆனால் சொல்ல முடியாத காரணம். அவள் முக்காலியை இழுத்து, கேமராவின் திரைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். இராயப்பன் குழாயை நிமிர்த்தினார். மூடியை மாட்டினார். கையை மேலே வைத்தார். ரிமோட்டைப் பத்துக்கு வைத்து அழுத்தினார்.

ஒன்று. கறுப்பு. அவர் மூச்சு விட்டார்.

இரண்டு. கறுப்பு.

மூன்று.

"ஏங்க, இதுல வெளிச்சம் தெரியுது."

"அது மெஷின் கோளாறு. விடு. கோப்பி ஆறுது பாரு."

நான்கு. அவள் திரைக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தாள். ஐந்து.

"இதுல நீங்க இருக்கீங்க."

அவர் எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பட்டின் இடைவெளியில், கீழேயிருந்து பார்த்த கோணத்தில், அவருடைய முகம். அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டை. தோளுக்குப் பின்னால் பிணவறையின் நீளமான குழல் விளக்கு. அவருடைய கை மூடியின் விளிம்பைப் பிடித்திருந்தது. வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

சவுந்தரம் திரையில் அந்தக் கையை விரலால் தொட்டாள். ஆறு.

"சீல் வச்சிட்டாங்கன்னு சொன்னீங்க."

அவர் மூடியின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார்.

"நீங்களா மூடுனீங்க?"

"சவுந்தரம்."

"நான் வெளிய நின்னுட்டு இருந்தேன். வாசல்ல. நீங்க உள்ள நின்னு மூடுனீங்க."

ஏழு. படத்தில் இடைவெளி அகன்றிருந்தது. அவர் முகம் பின்னால் போயிருந்தது. அன்றைக்கு மூடி இறங்கியது. இது மேலே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் உள்ளங்கையில் அதை உணர்ந்தார்.

மெதுவாக. போர்வையை முட்டுகிற பிள்ளையின் தலைபோல. மூடி அவர் கையை மேல்நோக்கி முட்டியது.

அவர் அழுத்தினார். அது நின்றது. மறுபடி முட்டியது.

எட்டு. குழாயின் விளிம்பிலிருந்து வாசனை கசிந்தது. வாடிய சம்பங்கி. அதற்கடியில் மருந்து. அதற்கும் அடியில் வேறொன்று.

சவுந்தரத்துக்கும் அந்த வாசனை தெரிந்தது. அவள் எழுந்தாள். அழவில்லை. மணிக்கட்டிலிருந்து ஜெபமாலையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள்.

"கைய எடுங்க."

"வேணாம். நீ பாக்காத."

"எம் புள்ளைங்க அது."

"உனக்குத் தெரியாது. அவ மொகம்..." அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். "நான் பாத்தேன். நான் ஒருத்தன் பாத்தது போதும். உள்ள போ தாயி. கும்புட்டுக் கேக்கறேன்."

"தூங்கற மாதிரின்னு சொன்னீங்களே."

ஒன்பது.

அவர் இரண்டு கையையும் வைத்து, நாற்பது வருடம் மூட்டை தூக்கிய தோளின் பாரத்தையெல்லாம் இறக்கி அழுத்தினார். கண்ணீர் மூடியின்மேல் சொட்டியது. அவருடைய பலத்தோடு அது மல்லுக்கு நிற்கவில்லை. கோபமும் இல்லை அதற்கு. விடாமல் முட்டியது. அவ்வளவுதான்.

சவுந்தரம் ஜெபமாலையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அவர் விரல்களைப் பிரிக்கத் தொடங்கினாள். சுண்டுவிரல். அதற்கடுத்தது.

பத்து.

குன்றுக்கு மேலே வானம் வெளுத்துவிட்டது. வால்நட்சத்திரம் இருந்த இடம் தெரியவில்லை.

பதினொன்று. ரிமோட்டில் பத்துக்குமேல் அவர் வைக்கவில்லை.

நடுவிரல்.

பன்னிரண்டு.

மூடி ஓரமாக எழும்பியது. உள்ளேயிருந்து குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சம் சவுந்தரத்தின் மோவாயில் விழுந்து, கன்னத்தில் ஏறி, விரியத் திறந்திருந்த கண்களில் நின்றது. அவள் பார்த்தாள். கத்தவில்லை. முகம் திருப்பவில்லை. ஜெபமாலையை வாயிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு, முத்தமிடுவதற்கு உதட்டைக் குவித்தபடி, குழாய்க்குள் குனிந்தாள்.