இரண்டு மணி நேரப் பொய்!

"ஐயோ...! அம்மா...!"

குடோனின் கடைசி வரிசையிலிருந்து, கூட்டுகிற பெண் போட்ட அலறல் முன்வாசல் வரை கேட்டது.

சரிந்து கிடந்த மரப்பெட்டிகள். அவற்றின் அடியில் சூப்பர்வைஸர். பிணம்!

பக்கத்திலேயே பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி. அதன் சீட்டில் டிரைவர்... தலை தொங்க, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான்!

அபாய மணி அடித்தது. அடித்தால் எல்லோரும் கார்டைத் தேய்த்துவிட்டு வெளியேற வேண்டும். மேனேஜர் முதற்கொண்டு அத்தனை பேரும் தேய்த்தார்கள்.

அப்போது மணி காலை ஒன்பது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் அவள். ஊழியர்களின் வேலை நேரத்தைக் கணக்கெடுப்பவள். கையில் விலங்கோடு நின்ற டிரைவருக்குக் கூடப்பிறந்த அக்கா!



"கொலைதான் ஸார்!" மேனேஜர் அடித்துச் சொன்னார். "பொண்டாட்டிக்கு நிறைமாசம்னு நேத்து லீவு கேட்டான். சூப்பர்வைஸர் தரல. 'உன்னை ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்'னு எல்லார் முன்னாடியும் எகிறினான்!"

"கண் அசந்து இடிச்சிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்படி ஸார் அசரும்? இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு வந்தவன்! நான் ஆறு மணிக்கு வந்தேன். எட்டரைக்குக்கூட சூப்பர்வைஸர் என்கூட நின்னு பேசிட்டுத்தான் பின்பக்கம் போனார். இவன் பெட்டியைச் சரிச்சுட்டு, தூங்கற மாதிரி நடிக்கிறான். ஷீட்டைப் பாருங்க. உள்ளே ஏழு, வெளியே ஒன்பது. மொத்தம் ரெண்டே மணி நேரம்! ஃபார்முலா போட்டது யாரு? இவன் அக்காவே!"

"பொய்க்கா!" டிரைவர் உடைந்தான். "நான் நேத்து காலைல வந்தவன்க்கா! இன்னும் ஒரு லோடு, இன்னும் ஒரு லோடுன்னு வீட்டுக்கே விடல. விடிகாலை மூணு மணிக்கு மேல கண்ணு சொருகிடுச்சு. அப்புறம் ஒண்ணுமே தெரியல... நான்தான் இடிச்சுட்டேனோ என்னவோ..."

"வாயை மூடுடா மடையா!" சீறினாள் அக்கா. "செய்யாததை நீயா ஏன்டா தலையில போட்டுக்கற?"

"அப்ப ஷீட் பொய் சொல்லுதாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு வருஷத்துல ஒரு நிமிஷம் பிசகினதில்ல ஸார்..."

சொல்லிக்கொண்டே தம்பியின் வரிசையில் 7:00 இருந்த கட்டத்தைக் க்ளிக் செய்தாள். கட்டத்தில் நேரம் மட்டும்தான் இருந்தது. ஆனால் மேலே, ஃபார்முலா தெரிகிற பட்டையில்... தேதியும் தெரிந்தது.

நேற்றைய தேதி!

"அடிப்பாவி...!" தன்னையே திட்டிக்கொண்டாள். "ஸார், தேதி தெரியாம நேரத்தை மட்டும் காட்டச் சொல்லி வச்சது நான்தான். மொத்த நேரம் காட்டற கட்டமும் அப்படித்தான். இருபத்து நாலைத் தாண்டினா, கடிகாரம் மாதிரி திரும்ப முதல்லேர்ந்து காட்டும். இருபத்தாறு மணி நேரம் உழைச்சவன் வெறும் ரெண்டுன்னு நிப்பான்! ஒரு மனுஷனை இப்படிப் பிழிவாங்கன்னு நான் நினைச்சே பார்க்கல ஸார்!"

"ஏய்! அதுல கை வைக்காதே!" மேனேஜர் மவுஸைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"நகருங்க ஸார்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

அவள் மொத்த நேரம் இருந்த கட்டங்கள் முழுவதையும் மேலிருந்து கீழாகப் பிடித்தாள். நேரம் காட்டுகிற விதத்தைத் திறந்து, மணியைக் குறிக்கிற எழுத்துக்கு இரண்டு பக்கமும் சதுர அடைப்பு போட்டாள்; இருபத்து நாலுக்கு மேலும் எண்ணிக் காட்டச் சொல்லும் குறி அது.

என்டர்!

தம்பியின் 2:00 காணாமல் போனது. அங்கே 26:00!

"பார்த்தீங்களா!" கத்தினாள். "கொலைகாரனா ஸார் அவன்? தூக்கத்துக்கு ஏங்கினவன் ஸார்!"

அதே நேரம் போலீஸ் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்ஸ்பெக்டர், பெட்டி விழுந்து சாகல. பின்மண்டைல அடி. உடம்பு விறைச்சுக் கிடக்கு. செத்தது விடிகாலை நாலு மணி வாக்குல இருக்கும்."

அக்காவின் கை மவுஸிலிருந்து நழுவியது.

மேனேஜர் வாய் விட்டுச் சிரித்தார். "பலே! ஏழு மணின்னே இருந்திருந்தா தப்பிச்சிருப்பான். நாலு மணிக்கு அவன் உள்ளேதான் இருந்தான்னு அக்காவே நிரூபிச்சுட்டா!"

ஐயோ... தம்பி கழுத்தில் நானே கயிற்றை மாட்டிவிட்டேனே! 

"ஒரு நிமிஷம்மா..." இன்ஸ்பெக்டர் திரையை நெருங்கிப் பார்த்தார். "மத்த எல்லாருக்கும் ரெண்டு, ஒண்ணுன்னு அப்படியே இருக்கு. மேல ஒரு கட்டம் மட்டும் மாறியிருக்கே? மூணா இருந்தது, இருபத்தேழு... யார் இது?"

அவள் படித்தாள். நிமிர்ந்தாள். பல்லைக் கடித்தாள்.

"மேனேஜர் ஸார்!"

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து காலைல ஆறு மணிக்கு வந்திருக்கீங்க. வெளியே போகவே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "அது கிடக்கட்டும். நாலு மணிக்குச் செத்தவர், எட்டரைக்கு உங்ககிட்ட என்ன ஸார் பேசினார்?"

மேனேஜர் வாசல் பக்கம் நகர்ந்தார்; இன்ஸ்பெக்டர் மறித்தார்.

"அந்த சூப்பர்வைஸர்தான் ஸார்... 'பையன் நிக்க முடியாம தள்ளாடறான், வீட்டுக்கு அனுப்புங்க. இல்லேன்னா விடிஞ்சதும் லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன்'னு மிரட்டினான்... கோபத்துல தள்ளினேன்... தூண்ல மோதி... தூங்கிட்டிருந்த இவன் மேல பழி விழட்டும்னு பெட்டியைச் சரிச்சுவிட்டேன்..."

"அந்த மனுஷன் எனக்காகவா...?" டிரைவர் கதறி அழுதான். "அவரைப் போய் நான் திட்டினேனேக்கா...!"

விலங்கு கை மாறியது.

வாசலில் மேனேஜர் திரும்பி முறைத்தார். "நான் வெளியே வராமலா போயிடுவேன்? அப்போ கவனிச்சுக்கறேன்டி உன்னை!"

"பத்திரமா போயிட்டு வாங்க ஸார்!" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உள்ளே போற நேரத்தை இப்பவே ஏத்திடறேன். இனிமே என் ஷீட் எத்தனை வருஷம்னாலும் தாங்கும்!"