ஹீட்டரும் பக்கத்து வீட்டுச் சோப்புத் தண்ணீரும்

“உங்க வீட்டுச் சோப்புத் தண்ணி வந்து நிக்கிறதுக்கு என் வாசல் என்ன கண்மாயா?”

“தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும் மதினி. உங்க வாசல் பள்ளமா இருந்தா நான் என்ன செய்ய?”

“யாரு வாசல் பள்ளம்? மேடா இருந்த வாசலு. உன் தண்ணி அரிச்சுத்தான் பள்ளமாச்சு!”

முதல் குரல் தங்கலட்சுமி. எதிர்க்குரல் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. ஜெயக்கொடி துணி துவைத்த தண்ணீர் அந்தச் சந்து வழியாக வந்து தங்கலட்சுமி வாசலோரம் தேங்கும். அதற்காக வாரத்துக்கு ஒரு சண்டை உறுதி. தெருவில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். நாலைந்து பேர் விளக்குமாற்றோடு வெளியே வந்து வாசல் கூட்டுவார்கள். மத்தியான வெயிலில் யாராவது வாசல் கூட்டுவார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் கூட்டுவார்கள்.

அன்றைக்குச் சண்டை கொஞ்சம் முற்றிவிட்டது.

“இனிமே ஒரு சொட்டு இந்தப் பக்கம் வராது. கொல்லையில நிக்கிற முருங்கைக்கே சுமந்து ஊத்துறேன். போதுமா?” என்றாள் ஜெயக்கொடி.

“ரொம்பப் போதும்!” என்றாள் தங்கலட்சுமி.

தங்கலட்சுமியின் சின்ன மகள் சண்முகவடிவு. வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பு. அவளுக்கு இந்தச் சண்டையெல்லாம் காதிலேயே ஏறவில்லை. அவள் கவலை வேறு.

அக்கா கனகலட்சுமி பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருந்தாள். இரண்டு பேருக்கும் காலையில் வெந்நீர் வேண்டும். கேஸில் வைத்தால் சிலிண்டர் தீர்ந்துவிடும் என்று அம்மா விறகடுப்பில்தான் வைப்பாள். கருவேல விறகைத் தள்ளி, கண் கரிக்க ஊதிக்கொண்டிருப்பது வடிவின் வேலை. பள்ளிக்கூடத்தில் கோ-கோ பயிற்சி நடப்பதும் அதே நேரம்தான்.

“இன்னொரு தடவ லேட்டா வந்தே, உன் எடத்துல வேற புள்ளதான் ஆடும். திருச்சுழி மேட்ச்சுக்கு நீ கைதட்ட வரலாம்” என்று பி.டி. டீச்சர் சொல்லிவிட்டார்.

அதனால் அப்பா ராஜபாண்டி அருப்புக்கோட்டையிலிருந்து ஹீட்டர் வாங்கி வந்தபோது, வீட்டில் அதிகமாகக் குதித்தது வடிவுதான். அப்பா அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். அவர் வீடு வந்து சேரும் முன்பே ஹீட்டர் எத்தனை லிட்டர் என்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஹீட்டர் வாங்குவது பாதி வேலைதான். மீதியைச் சொல்ல எலக்ட்ரீசியன் பாண்டிராஜ் வந்தான்.

“தடி வயரு வேணும் மாமா. பெரிய பிளக்கு வேணும். கரண்டு எகிறுனா தானா விழுகுற சுவிட்சு தனியா வேணும். மாடித் தொட்டியில இருந்து பைப்பு எறக்கணும். போர்த் தண்ணி உப்புத்தான? அப்ப வருசா வருசம் கழட்டி உப்பையும் சொரண்டணும்.”

ஹீட்டர் விலையில் பாதி இதற்கே போகும் போலிருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

“அதெல்லாம் வாங்கிரலாம். எர்த்து ஒழுங்கா இருக்கா?” என்றான் பாண்டிராஜ்.

“எர்த்துன்னா என்னண்ணே?” என்று கேட்டாள் வடிவு.

“ஹீட்டர்ல கரண்டு கசிஞ்சா அது நம்ம ஒடம்புல ஏறாம மண்ணுக்குள்ள போயிறணும். அதுக்குத்தான் மண்ணுல ஒரு குழாய எறக்கி வயரு கட்டுறது. மண்ணு ஈரமா இருந்தாத்தான் போகும். காஞ்ச மண்ணுல போகாது.”

கேட்டுக்குப் பக்கத்தில் பழைய எர்த் குழாய் ஒன்று இருந்தது. பாண்டிராஜ் வடிவை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு பல்பை வைத்துச் சோதித்தான். பல்பு தூங்கி வழிந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். பளிச்சென்று எரிந்தது. மறுநாள் வந்து பார்த்தால் மறுபடியும் தூக்கம்.

“மண்ணு குடிச்சிருச்சு. தெனமும் ஊத்தணும்.”

“குடிக்கவே தண்ணியக் காணோம். இதுல மண்ணுக்கு வேறயா!” என்றாள் அம்மா.

“அப்ப நான் மாட்ட மாட்டேன் அத்தே. பச்சப்புள்ள இருக்குற வீடு” என்று சொல்லிவிட்டு பாண்டிராஜ் பைக்கை எடுத்தான். ஹீட்டர் பெட்டி பீரோவுக்கு மேல் ஏறி உட்கார்ந்தது.

வடிவு வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கண்மாயே வெடித்துக் கிடக்கிற ஊரில் ஈர மண்ணுக்கு எங்கே போவது?

சந்துப் பக்கம் பார்த்தாள். அங்கே மட்டும் அருகம்புல் பச்சையாக நின்றது. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் குத்தினாள். மேலே காய ஆரம்பித்திருந்தது. உள்ளே குச்சி மெத்தென்று இறங்கியது. வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீர் குடித்த மண்ணாயிற்றே!

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.

“அவ தண்ணியவா? நான் போயிக் கேக்கணுமா? அதுக்கு அடுப்பே ஊதலாம்!”

“ஊதுறது நான்தானம்மா?”

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. 

வடிவு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜெயக்கொடி ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தாள்.

“வீட்டுக்குள்ள எதுக்கு அத்தே செருப்பு?”

“வெறுங்காலோட தொட்டா சுருக்குன்னு அடிக்குது. எர்த்து சரியில்லன்னு உங்க மாமா சொல்றாக.” சொல்லிக்கொண்டே தோளைப் பிடித்துவிட்டாள்.

“தோள்பட்டை வலிக்குதா அத்தே?”

“முருங்கைக்கு வாளி சுமக்கேன்ல? வாய விட்டுட்டேன். இனி மாத்தவா முடியும்?”

வடிவுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

“அத்தே, சந்துல ஈரம் இருக்கு. அங்க குழி வெட்டி ரெண்டு குழாய எறக்குனா, எங்க ஹீட்டருக்கும் ஆகும், உங்க பிரிட்ஜுக்கும் ஆகும். ஆனா ஈரம் காயக்கூடாதாம். நீங்க பழையபடி சந்துலயே ஊத்தணும்.”

“உங்கம்மா சொல்லி விட்டாகளா?”

“இல்ல. அம்மா அடுப்பே ஊதலாம்னாங்க.”

ஜெயக்கொடி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. “ஊத்துறேன்த்தா. ஆனா உங்கம்மா வாயால ஒரு வார்த்த சொல்லட்டும்.”

மறுநாள் பாண்டிராஜ் சந்தில் குழி வெட்டினான். குழிச் செலவு ஆளுக்குப் பாதி என்றதும் அப்பாவே கடப்பாரையோடு வந்துவிட்டார். இரண்டு குழாயையும் இறக்கி, ஈரம் நிற்பதற்காகக் கரியும் உப்பும் போட்டு நிரப்பினார்கள். அம்மா இந்தப் பக்கம். ஜெயக்கொடி அந்தப் பக்கம். இருவரும் பாண்டிராஜை மட்டுமே பார்த்தார்கள்.

“ஊத்துற தண்ணி என் வாசலுக்கு வருமான்னு கேளு தம்பி.”

“குழியே குடிச்சிரும்னு சொல்லு தம்பி.”

“நடுவுல நான் என்ன ஸ்பீக்கரா?” என்றான் பாண்டிராஜ்.

ஜெயக்கொடி ஒரு வாளி ஊற்றினாள். தண்ணீர் குழிக்குள் இறங்கியது. வாசலுக்கு ஒரு சொட்டு வரவில்லை. பாண்டிராஜ் பல்பை வைத்தான். எரிந்தது. அந்த வெளிச்சம் அம்மாவுக்குப் போதவில்லை.

“இன்னொரு வாளி ஊத்துங்க மதினி!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கே தெரிந்தது. தெருவில் அத்தனை விளக்குமாறும் நின்றுவிட்டன. ஜெயக்கொடி வாளியை எடுத்து ஊற்றினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அன்று சாயங்காலமே ஹீட்டர் சுவரில் ஏறியது. அடுத்த நாள் காலையில் பி.டி. டீச்சருக்கு முன்பே வடிவு மைதானத்தில் நின்றாள். திருச்சுழி மேட்ச்சில் அவள் மூன்று பேரைத் தொட்டு வெளியேற்றினாள். கத்துவதற்காக அம்மாவும் ஜெயக்கொடியும் ஒரே பஸ்ஸில் போயிருந்தார்கள். ஜன்னல் சீட்டுக்கு மட்டும் சின்னதாக ஒரு சண்டை நடந்ததாகக் கேள்வி.

அப்புறம் அக்கா குழந்தையோடு மல்லாங்கிணற்றில் இருக்கிற புருஷன் வீட்டுக்குப் போனாள். பாண்டிராஜ் ஆவணியில் பாலவநத்தத்துப் பெண்ணைக் கட்டினான். மறு வருஷம் ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் ஜான்ராஜுக்கு விருதுநகரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு குடி போய்விட்டார்கள். சாவியை ஜெயக்கொடி யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள் என்கிறீர்கள்? தங்கலட்சுமியிடம்தான்.

அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டு முதலில் வந்தவர் ஒற்றை ஆள், நல்ல உத்தியோகம். துணியை டவுனில் சலவைக்குப் போடுவாராம். வீடு இல்லை என்று தங்கலட்சுமி சொல்லிவிட்டாள். ஐந்து பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கியதும், சாவியோடு அவளே எதிரே ஓடினாள்.