காது திரும்பின யானை

"அதை உள்ளே கொண்டு போகாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில், மழையில் பாதி நனைந்தபடி ஒருத்தி அவன் வழியை மறித்து நின்றாள். கழுத்தில் குழந்தைகள் நல அலுவலகத்து அடையாள அட்டை. அவன் கையில் ஒரு துணி யானை.

"பொம்மைங்க... வெடிகுண்டு இல்ல."

"அந்த வீட்டுல இருந்துச்சு இல்ல? அப்போ ஏறக்குறைய அதேதான்."

சிரிக்கவே தெரியாதா இந்தப் பொண்ணுக்கு என்று முறைத்தான். முறைத்தவன் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டான்... தொலைந்தான். பெரிய கண். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்த கண். அன்று காலை அந்த யானையை அவன் அண்ணன் குழந்தை கையிலிருந்து பிடுங்கி அந்த வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தவளே அவள்தான்.

வேறு வழியில்லை என்றாள். சமையலறை அடுப்பிலேயே போதைமருந்து காய்ச்சியிருக்கிறார்கள். அந்தப் புகை பாயில், துணியில், பொம்மையில் எல்லாம் படிந்திருக்கும்... நாலு வயசுக் குழந்தை கையை வாயில் வைக்கும். அதனால் குளிப்பாட்டி, உடை மாற்றி, ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த வீட்டுப் பொருள் ஒன்றுகூட வரக்கூடாது.

"நீங்க யாரு?"

"சித்தப்பா. அவ அப்பாவோட தம்பி. டெய்லர் கடை வச்சிருக்கேன்."

குழந்தையின் அப்பா அம்மா இருவரும் போலீஸ் காவலில். தகுதியான சொந்தம் யாரும் இல்லையென்றால் குழந்தை காப்பகத்துக்குப் போகும். தகுதியா இல்லையா என்று விசாரித்து எழுதுகிற வேலை அவளுடையது. யானையைப் பிடுங்கியதிலிருந்து குழந்தை வாயே திறக்கவில்லை என்றாள்.

அவன் அந்த யானையை அவளிடமே கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் மதியம் வந்தான், குழந்தையைத் தானே வளர்க்க ஒரு விண்ணப்பத்தோடும், புதுத் துணியில் தைத்த அதே மாதிரி யானையோடும். இடது காது மட்டும் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது.

"காது தப்பா இருக்கே..."

"முதல் யானையைத் தைக்கும்போது தெரியாம அப்படித் தச்சுட்டேன். அவளுக்கு அந்தக் காதுதான் உசிரு. இப்ப தெரிஞ்சே தப்பாத் தச்சேன்... ரொம்பக் கஷ்டங்க அது."

அவள் சிரித்தாள். அடேயப்பா, இந்தச் சிரிப்பையா இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்தாள் என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

குழந்தை காதைத் தடவிப் பார்த்தது. மூக்கில் வைத்து முகர்ந்தது. பிறகு ஒரு நாளுக்கப்புறம் முதல் முறையாகப் பேசியது. "இதுல அந்த நாத்தம் இல்ல, சித்தப்பா."

அவன் முகம் செத்துப்போனது. எழுந்து வராந்தாவுக்குப் போனான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றான். "மூணு மாசம் முந்தி, யானையோட கிழிஞ்ச தும்பிக்கையைத் தைக்கக் குழந்தை கொண்டு வந்தா. அதுல அந்த நெடி. கேட்டேன்... பெயிண்ட் வாசனைன்னு அண்ணன் சொன்னான். பொய்னு தெரிஞ்சுது. அண்ணனாச்சேன்னு வாயை மூடிட்டேன். இதையும் எழுதிக்கோங்க."

"எழுதினா குழந்தை உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம்."

"தெரியும். எழுதுங்க."

எழுதினாள்.

அதோடு அவளைக் காணோம். ஃபைல் மூத்த அதிகாரி ஒருத்தர் கைக்கு மாறியிருந்தது. கறாரான அம்மா. வீட்டுக்கு வந்து மருந்து அலமாரிப் பூட்டிலிருந்து கத்தரிக்கோல் வைக்கிற இடம் வரை சோதித்தார். அந்த மூன்று மாசத்தைப் பற்றி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவன் ஒரே பதிலைச் சொன்னான். அவளைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை. கேவலமான ஆள் என்று கை கழுவிவிட்டாள், அவ்வளவுதான்... எந்த முகத்தோடு கேட்பது?

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. குழந்தை அவனிடம் வளரலாம், மாசாமாசம் வந்து பார்ப்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகப் படியிறங்கினான். மழை. கீழே குடையோடு அவள் நின்றிருந்தாள்.

"என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கலையாங்க? நான் சொன்னதைக் கேட்டு அருவருத்துப் போய்த்தானே ஃபைலை மாத்துனீங்க?"

அவள் குடையைக் குழந்தை பக்கம் சாய்த்தாள். தான் நனைந்தாள்.

"ஃபைலைக் கை மாத்தினா காரணம் எழுதணும். அது விதி."

"என்ன எழுதினீங்க?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடமாக ஒப்பித்தாள். "'விண்ணப்பதாரர் மீது எனக்குத் தனிப்பட்ட அன்பு ஏற்பட்டுவிட்டதால், இந்த விசாரணையை நடுநிலையோடு நடத்த என்னால் இயலாது.'"

குழந்தை யானையின் திரும்பின காதை மென்றுகொண்டிருந்தது... இப்போது யாரும் தடுக்கவில்லை.

"கையெழுத்தும் போட்டீங்களா?" என்று கேட்டான் அவன்.

"ம்... முத்திரையும் குத்தியாச்சு."

"எங்கே போடணும்னு சொல்லுங்க," என்றான் அவன், "நானும் போடறேன்."