மதியத்தில் கண் விழிக்கும் பெட்டி

"அந்தப் பெட்டிய நான் திறந்து பாக்கணும்."

நிமியா கேட்டுவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்களோ, அதைக் காலை வேளையில், சிபா ரொட்டியை மென்றுகொண்டே கேட்டுவிட்டாள்.

டெர்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "எலிடா உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. அதனாலதான் கேக்குறேன்."

எலிடா அவனுடைய அக்கா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். நிமியா அசுன்சியோன் நகரத்தை ஒட்டிய இந்த லம்பாரே வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய அன்று, அவளுடைய மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள் காதோரம் குனிந்து சொன்னாள்: "அவன்கிட்ட என்ன வேணா கேளு, ராணி. காசு கேளு, மோதிரம் கேளு. அந்தக் கம்ப்யூட்டரத் திறக்கணும்னு மட்டும் கேட்டுராத. அது ரொசியோ கட்டினது."

ரொசியோ என்பவள் நிமியாவுக்கு முன்னால் டெர்லிஸோடு இந்த வீட்டில் இருந்தவள். எல்லைப்புற நகரத்துக்குப் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே கோத்துச் சேர்த்தவள். ஒரு மழை மதியத்தில் தெருவெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போனது. அசுன்சியோனில் பெருமழை பிடித்தால் தெரு ஆறாகிவிடும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். யாரும் வெளியே காலை வைக்கமாட்டார்கள். ரொசியோ வைத்தாள்.

"அவ கை பட்டது அப்படியே இருக்கட்டும்," என்றான் டெர்லிஸ். குரல் உயரவில்லை. அவன் குரல் எப்போதுமே உயராது.

"அவ கை பட்டது இருக்கட்டும். என் பொழப்பு போகட்டுமா?"

"யாரு போகச் சொன்னா? கொஞ்சம் பொறுத்துக்க, செல்லம்." எழுந்து அவள் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

அவள் பொறுத்துக்கொள்ளத்தான் இவ்வளவு படித்தாளா? காகுவாசு பக்கத்தில் கரி சுட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. அந்த வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதுவும் கணினிப் படிப்பு. நகர மையத்தில் அலுவலக வேலை ஒன்று கைக்கு வந்தது. டெர்லிஸ்தான் வேண்டாம் என்றான். பேருந்தில் கூட்டம், வெயில், கண்ட ஆண்கள். வீட்டிலேயே நல்ல கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதே, அதிலிருந்து வேலை பார் என்றான். யாரும் இதுவரை அவளை வெயிலில் போகாதே என்று சொன்னதில்லை. அது அன்பு என்று நினைத்தாள்.

நல்ல கம்ப்யூட்டர்தான். காலையிலும் மாலையிலும் குறை சொல்ல முடியாது. தொல்லை எல்லாம் மதியத்தில்.

சாப்பாடு முடிந்ததும் தெருவே கண்ணை மூடிக்கொள்ளும். கடைகளின் இரும்புக் கதவு இறங்கும். நாய்கள் மாமர நிழலில் செத்தது போலக் கிடக்கும். அந்த மதியத் தூக்க நேரத்தில் விழித்து நடமாடுவது எதுவும் நம்மைச் சேர்ந்தது இல்லை என்று சொல்லித்தான் இங்கே குழந்தைகளை வளர்க்கிறார்கள். வெளியே போனால் மஞ்சள் முடிக் குள்ளன் பிடித்துக்கொண்டு போவான் என்று நிமியாவின் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். பட்டம் வாங்கியும் அந்தப் பயம் மட்டும் உடம்பைவிட்டுப் போகவில்லை.

அவளும் கம்ப்யூட்டரைத் தூக்க நிலையில் போட்டுவிட்டு, அதே அறையில் தரையில் மெத்தையை விரித்துப் படுப்பாள். ஜன்னல் பலகைகள் மூடியிருக்கும். இருட்டும் புழுக்கமும்.

கண் செருகும் நேரத்தில் அது விழிக்கும்.

முதலில் பெட்டிக்குள் காற்றாடி மெல்லச் சுழலத் தொடங்கும். யாரோ நீண்ட மூச்சு இழுப்பது போல. பிறகு திரை வெளுக்கும். அறை முழுவதும் நீலம் பரவும். உடனே அந்த ஒலி. ஏதோ ஒன்றைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் எழுப்புமே, இறங்கி அமுங்கும் இரட்டை மணி, அது. கீபோர்டு செத்துவிடும். மவுஸ் செத்துவிடும். எழுந்து பார்த்தால் அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் இணைப்பு நழுவியிருக்கும்.

அப்போது ஒரு வாடை வரும்.

மழைச்சேற்று வாடை. வாரக்கணக்கில் மழையே இல்லாத ஊரில்.

நிமியா தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தாள். தானாக எழுப்பும் கடிகாரங்களை நிறுத்தினாள். கீபோர்டும் மவுஸும் கம்ப்யூட்டரை எழுப்பும் உரிமையைப் பிடுங்கினாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி துளைகளை அணைக்கும் ஏற்பாட்டையும் நீக்கினாள். கேபிளை மாற்றினாள். ஒன்றுக்கும் மசியவில்லை. அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கோளாறு மேல் வந்த கோபம் இல்லை. செத்தும் இடத்தைக் காலி செய்யாத ஒருத்தி மேல் வந்த கோபம். இந்த வீட்டில் அவளுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

டெர்லிஸ் மாலையில் வந்து, "மதியம் தூங்கவே இல்ல போல, புரண்டுகிட்டே இருந்தியா?" என்று கேட்பான். ஒருநாள், "எலிடாவ ஏன் அந்த நேரத்துல உள்ள விட்ட?" என்றான். எலிடாவே சொல்லியிருப்பாள் என்று நிமியா விட்டுவிட்டாள்.

அன்று மதியம் அவள் படுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தூங்க வைத்தாள். திருப்புளியை எடுத்தாள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள்.

உள்ளே பார்த்ததும் வயிறு எரிந்தது.

அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு கம்பியும் வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, கட்ட வேண்டிய இடத்தில் கட்டியிருந்தது. எது எங்கே சேர வேண்டும் என்பதற்கு இரண்டு முனையிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தாள் ரொசியோ. குங்குமச் சிவப்பு. அதன் மேல் தூசிகூட இல்லை. நிமியா குறை தேடினாள். தளர்ந்த ஆணி, வளைந்த ஊசி, எதுவாவது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்லாத்தான்டி கட்டியிருக்க," என்றாள் சத்தமாக. "ஆனா இப்ப இங்க இருக்கறவ நான். கேட்டுச்சா?"

பெட்டியின் மேல் கை வைத்தாள். வெளியே தார் உருகும் வெயில். இரும்பு, கிணற்றுக் கல் போலச் சில்லென்றிருந்தது.

காற்றாடி சுழன்றது.

திரை வெளுத்தது.

நிமியா திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் பின்புறத்தையே பார்த்தாள். கீபோர்டு, மவுஸ், கேமரா மூன்றும் ஒரு சின்ன இணைப்புக் கட்டையில் சேர்ந்து, ஒரே கம்பியாகப் பெட்டிக்குள் போகும். அந்தக் கம்பியின் முனை அசைந்தது.

மெதுவாக. இரண்டு விரல் பிடித்து ஆட்டி ஆட்டி இழுப்பது போல.

அது வெளியே வந்து தரையில் விழுந்தது.

இரட்டை மணி அமுங்கி ஒலித்தது.

முனையிலிருந்து நீர் சொட்டியது. கலங்கிய, செம்மண் நீர்.

நிமியா பின்வாங்கினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சேற்று வாடை முகத்துக்கு நேரே வந்து நின்றது. வேறு எதுவும் நடக்கவில்லை. யாரோ காத்துக்கொண்டிருப்பது போல, அது மட்டும் அப்படியே நின்றது.

எவ்வளவு நேரம் ஆனதோ. பயத்துக்கு அடியிலிருந்து அவளுடைய படிப்பு மெல்லத் தலையைத் தூக்கியது. பிடுங்கியது ரொசியோ. சரி. எழுப்பியது யார்?

எழுப்பியவளும் ரொசியோதான் என்று அவள் ஒருநாளும் சந்தேகப்படாமல் நம்பியிருந்தாள். மதியத் தூக்க நேரம் அல்லவா. உயிரோடிருக்கிற எவன் அப்போது விழித்திருப்பான்?

தனியே கிடந்த பழைய கீபோர்டை முன்பக்கத் துளையில் செருகினாள். அதை யாரும் பிடுங்கவில்லை. கட்டளை தட்டும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, கடைசியாக உன்னை எழுப்பியது எது என்று கம்ப்யூட்டரையே கேட்டாள்.

இணையக் கம்பி வரும் துளை என்றது.

வெளியிலிருந்து யாரோ அதைக் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறார்கள். யாரென்று தோண்டினாள். பெயர் கிடைத்தது. டெர்லிஸின் ஃபோன். வேலை பார்க்கும் குடோனில் அட்டையை விரித்துத் தூங்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த டெர்லிஸ், நாள் தவறாமல், அதே நேரத்தில். எழுப்பியதும் அவன் ஃபோன் திறக்கச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்.

கேமராவை.

நிமியா தலையைத் தூக்கினாள். திரையின் உச்சியில் அந்தக் கறுப்புக் கண். அது நாற்காலியைப் பார்க்கவில்லை. கீழே, அவளுடைய மெத்தையைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்திருந்தது.

ஒவ்வொரு நாளும் அது திறந்திருக்கிறது. பல நாள் திறந்த கணத்திலேயே மூடியுமிருக்கிறது. இரட்டை மணி ஒலித்த கணத்தில்.

யாரோ அவன் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அவள் போய் எலிடாவின் கதவைத் தட்டினாள். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே சாவுச் செய்திக்கு மட்டும்தான். எலிடா நெஞ்சில் கை வைத்தபடி திறந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ரொசியோ அந்த மழையில எங்க போனா, எலிடாக்கா?"

"இதக் கேக்கவா எழுப்புன? பைத்தியமா உனக்கு?"

"எங்க போனா?"

எலிடா தெருவின் இருபுறமும் பார்த்தாள். "கையில சூட்கேஸ் இருந்துச்சு," என்றாள் முணுமுணுப்பாக.

"அவரு வேலையில இருந்தாரு இல்ல?"

"வேலையிலதான் இருந்தான். ஆனா இவ வாசல் தாண்டறதுக்குள்ள அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஃபோன் பண்ணான். இதோ வந்துட்டேன், அங்கயே நில்லுன்னான். அவ நிக்கல. முனையில தண்ணி இடுப்பளவு ஓடுது, அதுல இறங்கிட்டா."

"நீங்க பாத்துகிட்டு இருந்தீங்க."

"என் தம்பிடி அவன்! கை நீட்டுனவன் கிடையாது. கொஞ்சம் பொறாமைக்காரன், அவ்வளவுதான். எந்த ஆம்பள இல்ல?"

"அப்ப எதுக்கு எங்கிட்ட பெட்டியத் திறக்காதன்னீங்க?"

எலிடா பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினாள். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, ராணி. ஆனா திறந்துட்டா நீயும் போயிருவன்னு மட்டும் தோணுச்சு. அவன் தனியா என்ன பண்ணுவான்?"

நிமியா திரும்பி நடந்தாள். இத்தனை நாளும் ஒரு செத்தவள் மேல் பொறாமைப்பட்டோமே என்று நினைத்துக்கொண்டாள். அந்த இடம் பொறாமைப்படத் தக்க இடம் இல்லை. அந்த இடத்திலிருந்து ஒருத்தி வெள்ளத்தில் இறங்கித் தப்பப் பார்த்திருக்கிறாள். தப்பவும் விடாமல், கண்ணை மூடவும் விடாமல், நாள்தோறும் அவளை எழுப்பிக்கொண்டிருந்தான் அவன்.

துணி, பட்டச் சான்றிதழ், அம்மா கொடுத்த போர்வை. பையில் அடங்கிவிட்டது. கேமராவைக் கட்டையிலிருந்து பிடுங்கி அதையும் பைக்குள் திணித்தாள். அவனிடம் அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பிறகு இணையக் கம்பியை உருவினாள். வெளியிலிருந்து வரும் எந்த அழைப்புக்கும் எழாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். பக்கத் தகட்டை மூடி, ஆணியைத் திருகினாள்.

"தூங்கு," என்றாள்.

காற்றாடி நின்றது. திரை அணைந்தது. சேற்று வாடை இருந்த இடத்தில் வெறும் புழுக்கம்.

வாசல் கேட்டில் கை வைத்தபோது ஃபோன் அடித்தது. டெர்லிஸ்.

"செல்லம், தூங்கலையா?"

"இல்ல."

"தெரியுதே. நாற்காலில உக்காந்திருக்க."

நிமியா அசையவில்லை. தோளில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்தாள். கேமரா துணிக்கு நடுவில் கல் மாதிரி உறுத்தியது. அதன் கம்பி பையின் வாயிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் முதுகக் காட்டிகிட்டு உக்காந்திருக்க? கோவமா? காலையில பேசுனதுக்கா?"

வெளியே தொங்கிய கம்பியை அவள் பைக்குள் திணித்தாள்.

"தலைக்குக் குளிச்சியா? தண்ணி சொட்டுது பாரு, தரையெல்லாம். துடைக்கக்கூடாதா?"

நிமியாவின் தலைமுடி காய்ந்து, வியர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது. அவள் கேட்டின் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் தூக்கினாள்.

"நிமி. இப்படித் திரும்பு. என்னப் பாரு."

"இருங்க," என்று கிசுகிசுத்தாள் நிமியா. "திரும்புவா."

ஃபோனை அணைக்காமல் மதில் மேல் வைத்தாள். அவன் வாங்கிக் கொடுத்த ஃபோன் அது. கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பேருந்துச் சாலைப் பக்கம் நடந்தாள். நிழலில் கிடந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி, அவளைப் பார்க்காமல், அவள் விட்டு வந்த வீட்டைப் பார்த்துக் காதைத் தாழ்த்தியது.

பின்னால், மதில் மேலிருந்த ஃபோனுக்குள், என்றைக்கும் உயராத அந்தக் குரல் உயர்ந்து உடைந்து யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

அது தன்னிடம் அல்ல என்று தெரிந்ததால் நிமியா திரும்பிப் பார்க்கவில்லை.