நான்கு துளி நாவல்

மனித குலம் வாசிப்பு என்னும் நெடுந்துயரிலிருந்து விடுதலை பெற்று எண்பது ஆண்டுகள் நிறைந்ததைச் செவ்வாய்க் கோளின் புதுமாம்பலம் குடியிருப்பு சீரும் சிறப்புமாகக் கொண்டாடியது. விழாத் தலைவர் தம் உரையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

அங்கே நாவலை யாரும் படிப்பதில்லை, ஏற்றிக்கொள்வார்கள். காதுமடலுக்குப் பின்னால், தோலுக்கடியில், எல்லோருக்கும் ஒரு செருகி உண்டு. கூலிக்குப் படிக்கும் முதல் வாசகர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து கண்ணால் படிப்பார். அப்போது அவர் தலைக்குள் ஓடுவதெல்லாம் நகமளவு வில்லை ஒன்றில் பதிவாகும். அதுதான் வாசிப்புத் தடம். வில்லையைச் செருகியில் வைத்தால், பல் துலக்கி முடிப்பதற்குள் நாவலைப் படித்த நினைவு வந்துவிடும். அழுத நினைவும் சேர்ந்தே வரும்.

இதில் ஒரு தொல்லை. படிக்கும்போது முதல் வாசகருக்கு முதுகு அரித்திருந்தால், ஏற்றிக்கொள்பவருக்கும் அரிக்கும். பக்கத்து வீட்டுச் சண்டை அவர் காதில் விழுந்திருந்தால் இவர் காதிலும் விழும். இவற்றை ஒட்டு என்பார்கள். வாசிப்பகங்கள் ஒட்டுகளையெல்லாம் கழுவிவிட்டு, கதையையும் கண்ணீரையும் மட்டும் நிறுத்திப் பிரதி எடுக்கும். ஒரு நாவலின் தரம் அதன் கண்ணீர்த் துளிகளைக் கொண்டே முடிவாகும். ஒரு துளி நாவல் பயணத்துக்கு ஆகும். இரண்டு துளி நாவலைக் கல்யாணத்தில் பரிசாகக் கொடுக்கலாம். கழுவாத பழைய மூலவில்லைகள் எவருக்கும் வேண்டாதவை. அவை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முபாரக்கின் கடையில் புளியங்கொட்டைபோலக் குவிந்து கிடக்கும்.

அந்தக் குவியலைச் சுற்றித்தான் மூன்று நண்பர்கள் வாராவாரம் கூடுவார்கள். ஓவியர் ஏகாம்பரம். தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற ஜெசிந்தா. மனைவியை இழந்த மருதப்பன்.

"இதைப் படிச்சவனுக்கு வயிறு சரியில்லைப்பா," என்றார் ஏகாம்பரம், காதிலிருந்து ஒரு வில்லையைப் பிடுங்கியபடி. "காதல் காட்சி முழுக்க எனக்குப் புளிச்ச ஏப்பம்."

"உங்க படத்தைப் பார்த்தாலும் எனக்கு அதேதாண்ணே வருது," என்றாள் ஜெசிந்தா.

ஏகாம்பரம் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் நவீன ஓவியர்; புரியாதவர்களை மன்னிப்பது அவருடைய தொழிலில் பாதி. மற்றப் பாதி சிவப்பு. செவ்வாயில் மண்ணைக் குழைத்தால் சிவப்பு இலவசமாகக் கிடைக்கும். மற்ற நிறங்கள் பூமியிலிருந்து சரக்குக் கலத்தில் வர வேண்டும். அவருடைய சிவப்புக் காலம் அவர் தூரிகை எடுத்த நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது. அவருடைய தலைசிறந்த படம் வாசிப்பகத்தின் கூடத்தில் தொங்குகிறது. பெரிய சிவப்புச் சதுரம், ஒரு மூலையில் பழுப்பாக ஒரு பொட்டு. தலைப்பு 'நான்காம் துளி'. அதை நெடுங்காலம் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். யாரோ கண்டுபிடித்துச் சொன்னபோது ஏகாம்பரம் சற்றும் அசையாமல், "கண்ணீர் கீழேதான் விழணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார். அந்த வாக்கியத்தைப் படத்துக்கடியில் பொறித்துவிட்டார்கள்.

நான்காம் துளி என்பது மருதப்பனின் மனைவி விட்டது.

மங்கையர்க்கரசி கடைசி மாதங்களில் மருத்துவமனையில் இருந்தாள். தலைக்குள் மருந்துச் சில்லு வைத்திருந்ததால் தடம் எதுவும் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் எழுத்து தெரிந்தவள்; வேறு வழியில்லாமல் கண்ணால் படித்தாள். கணவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாவல், 'ஈரமில்லாத குடைகள்'. அவள் படித்ததை மருத்துவமனைக் கருவி பதிவு செய்தது. அவள் இறந்த பிறகு மருதப்பன் அந்த வில்லையை அவள் நினைவாக வாசிப்பகத்துக்கு வழங்கினார். கழுவிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கடைசி அத்தியாயத்தில் நான்கு துளி! புதுமாம்பலத்தின் முதல் நான்கு துளி நாவல்.

ஊரே ஏற்றிக்கொண்டது. ஊரே அதே இடத்தில் கண் கலங்கியது. அந்த அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு குடை ரிப்பேர் கடையைப் பற்றி யோசிப்பதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. ஆகவே எப்படி அழுகை வருகிறது என்று கருத்தரங்கு நடத்தினார்கள். வெறுமையின் கண்ணீர் என்று ஒருவர் சொன்னார். மழை இல்லாத கோளில் குடையே ஒரு ஒப்பாரி என்றார் இன்னொருவர். மனைவியின் நினைவுநாள்தோறும் மருதப்பன் மேடையேறி, "வாழ்க்கையின் நோக்கம் என்ன? பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு துளி விட்டுச் செல்வது. என் மங்கை நான்கு விட்டுச் சென்றாள்," என்று முடிப்பார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மேடையில் சொல்லாத ஒன்றை ஜெசிந்தாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்.

"அவ குரல் எனக்கு மறந்துபோச்சும்மா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"முகம் இருக்கு. கை இருக்கு. குரல் வரமாட்டேங்குது. நினைச்சுப் பார்த்தா வேற யாரோ பேசற மாதிரி இருக்கு. சிலசமயம் நானே பேசற மாதிரி."

மனசுக்குள் படிக்கும்போது அவரவர் குரல்தான் ஒலிக்கும். அந்தக் குரலும் ஒட்டுதான்; வாசிப்பகம் கழுவிவிட்டது. ஆனால் கழுவாத மூலவில்லை எங்கோ இருக்கிறது. பிரதி எடுத்ததும் அதைப் பழைய சாமானோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். அதைத் தேடித்தான் மருதப்பன் வாராவாரம் வந்தார். நண்பர்கள் இலக்கியம் பேச வருவதாக மற்றவர்கள் நினைத்தார்கள். ஏகாம்பரமும் அப்படித்தான் நினைத்தார்.

அன்று அவர்கள் பேச்சு வாழ்க்கையின் நோக்கம்வரை வந்திருந்தது.

"கலைஞனுக்கு நோக்கம் கிடையாது. அவன்தான் நோக்கம்," என்றார் ஏகாம்பரம்.

"எனக்குத் தெரிஞ்ச நோக்கம் குழாய்ல தண்ணி வர்றது. நாப்பது வருஷம் அதைத்தான் பார்த்தேன். ஒருத்தரும் கருத்தரங்கு போடலை," என்றாள் ஜெசிந்தா.

மருதப்பன் வாயெடுப்பதற்குள் முபாரக் கூப்பிட்டார். கையில் ஒரு வில்லை. ஓரத்தில் மருத்துவமனை முத்திரை பாதி அழிந்திருந்தது.

"மருதப்பன் சார், குடை நாவலா பாருங்க. ஒரு மூட்டைக்கடியில கிடந்துச்சு."

மருதப்பன் அதை வாங்கிக் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். செருகியில் வில்லை உட்காரவில்லை. ஜெசிந்தாதான் பொருத்திவிட்டாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கழுவாத வில்லை மெதுவாகத்தான் ஏறும். மற்ற இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அதில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அது சுருங்கியது. பிறகு, காலில் முள் ஏறியும் சபையில் கத்த முடியாதவரைப்போல ஆகிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது ஜெசிந்தா கேட்டாள். "அண்ணி குரல் இருக்கா?"

"என் குரல் இருக்கு."

"என்னது?"

"கட்டில் பக்கத்துல உட்கார்ந்து நான் பேசிக்கிட்டே இருக்கேன். அவ படிக்கப் படிக்க நான் விளக்கம் சொல்றேன். இந்தக் குடை எதுக்குக் குறியீடு, அந்தக் கதவு எதுக்குக் குறியீடு. நடுவுல ஏகாம்பரத்தோட படத்தைப் பத்தி ஒரு அத்தியாயம் முழுக்கப் பேசறேன்."

"என்ன சொன்னே?" என்றார் ஏகாம்பரம் ஆவலோடு.

"சும்மா இருங்கண்ணே," என்றாள் ஜெசிந்தா.

"அப்புறம் வாழ்க்கையோட நோக்கம். சாகப்போறவகிட்ட உட்கார்ந்து வாழ்க்கையோட நோக்கம் சொல்லிக்கிட்டிருக்கேன்மா. அவ படிக்கற சத்தமே கேட்கலை. என் சத்தத்துக்குள்ள முங்கிப்போச்சு." மருதப்பன் நிறுத்தினார். "ஒரே ஒரு வரி கேட்டுச்சு. மனசுக்குள்ள அவளே நினைச்சது. திருப்பித் திருப்பி அதையே நினைக்கறா."

"என்ன?"

"'இவர் நிறுத்தினதும் சொல்லணும்.'"

சந்தையில் யாரோ காற்று உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஜெசிந்தா ஸ்டூலுக்கு அருகே நகர்ந்து வந்தாள்.

"என்ன சொல்ல நினைச்சாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"அது இல்லை. கண்ணு எழுத்து மேல இருக்கறவரைக்கும்தான் பதிவாகும். பேசணும்னு தலையை நிமிர்த்தினா மெஷின் நின்னுரும்."

"சரி, நீங்க நிறுத்தினதும் என்ன சொன்னாங்க? நினைச்சுப் பாருங்க."

மருதப்பன் வெகுநேரம் நினைத்துப் பார்த்தார். "நான் நிறுத்தினதே இல்லைம்மா. பார்வை நேரம் முடிஞ்சுதுன்னு மணி அடிக்கும். மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்னு எழுந்து வந்துருவேன்."

மருதப்பனே தமக்கு ஆறுதல் தேடிக்கொண்டார்.

"இருந்தாலும் கடைசியில அழுதாளே. நாலு துளியும் அப்படியே இருக்கு. வாயை இறுக்கி மூடி அடக்கப் பார்த்திருக்கா. நான் பேசினதுல ஏதோ ஒண்ணு அவளைத் தொட்டிருக்கு. இல்லைன்னா ஏன் அழணும்?"

இந்த இடத்தில் ஏகாம்பரம் நண்பனைத் தேற்றும் பொறுப்பை ஏற்றார்.

"மருது, இதை நீ வேற கோணத்துல பார்க்கணும். அவங்க சொல்லாம விட்டாங்களே, அதுதான் கலை. என் படத்துல அந்தச் சிவப்பு முழுக்க என்னன்னு நினைக்கறே? சொல்லாதது! சொன்னது அந்த ஒரு பொட்டு மட்டும்தான். பூமியில குகைச்சுவர்ல கை வச்சு அழுத்தினானே, அவன்லேருந்து ஆரம்பிக்கலாம்..."

ஆரம்பித்தார். குகையிலிருந்து கோட்டுக்கு வந்தார். கோட்டிலிருந்து வெற்றிடத்துக்குப் போனார். மருதப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஒரு வரியை மறுபடி கேட்க வேண்டும். ஜெசிந்தாவிடம் வில்லையை எடுத்துத் திரும்பப் பொருத்தச் சொல்ல வேண்டும். இவன் நிறுத்தியதும் சொல்லலாம் என்று காத்திருந்தார். ஏகாம்பரம் வெற்றிடத்தின் மூன்றாம் வகையை எடுத்தார். மருதப்பன் உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டார். மூக்கு விரிந்தது, தாடை இறுகியது. இடது கண்ணிலிருந்து ஒரு துளி வழிந்தது. சற்று பொறுத்து வலது கண்ணிலிருந்தும்.

ஏகாம்பரம் நெகிழ்ந்து, அவர் தோளைப் பிடித்தார். "அழு மருது, நல்லா அழு. நான் சொன்னது உன்னைத் தொட்டுருச்சு."

"அழலைப்பா," என்றார் மருதப்பன்.

"வெட்கப்படாதே."

"அழலைங்கறேன்ல. கொட்டாவி வந்துச்சு. நீ பேசிக்கிட்டிருக்கியே, மரியாதையா இருக்காதுன்னு வாயைத் திறக்கலை. தண்ணி கண்ணு வழியா வந்துருச்சு."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்கு முன்பே அவள் முகம் மாறியது. மருதப்பனும் அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் முபாரக்கின் மேசையைப் பார்த்தார்கள். பழைய வில்லைகளை விற்பவர்கள் ஒட்டுகளைச் சோதிக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். படித்தவரின் எந்தத் தசை எப்போது அசைந்தது என்பதை அது கோடுகளாகக் காட்டும். வாசிப்பகத்தில் கண்ணீரை வைத்துக்கொண்டு தசையைக் கழுவிவிடுவது வழக்கம்.

மருதப்பன் காதிலிருந்து வில்லையைக் கழற்றி நீட்டினார்.

"முபாரக், கடைசி அத்தியாயம். அந்த நாலு துளிக்கு முன்னால தாடை என்ன பண்ணுதுன்னு பாருங்க."

"எதுக்கு சார் அதெல்லாம்?"

"பாருங்க."

முபாரக் வில்லையைக் கருவியில் வைத்தார். கோடுகள் ஓடின. பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது பழைய மெஷின் சார். அவ்வளவு சரியாக் காட்டாது."

"என்ன காட்டுதோ அதைச் சொல்லுங்க."

"நாலுமே கொட்டாவிதான் சார்."